இரைச்சல் போடும் சேர்வருக்கு எந்த விசிறி? கடலோர வீட்டுக்குச் சில குறிப்புகள்

கொழும்பு நிறுவனமொன்று கழித்துவிட்ட சேர்வர் கணினியை மலிவாக வாங்கிப் பள்ளிவாசல்துறை வரை கொண்டுவந்து, கடைக் கணக்குக்கோ கமராப் பதிவுக்கோ பிள்ளைகளின் பாட வீடியோக்களைச் சேர்த்து வைக்கவோ பொருத்திவிடுகிறவர்கள் முதல் இரவிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதன் வாயை எப்படி அடைப்பது?

சேர்வர் என்பது ஆள் படுக்காத, குளிரூட்டிய அறைக்கென்று செய்த பெட்டி. விசிறி எவ்வளவு கத்தினாலும் அதைச் செய்தவருக்குக் கவலையில்லை. உள்ளே சூடு ஏறக்கூடாது, அவ்வளவுதான். நமக்கோ சூடும் ஏறக்கூடாது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் எழும்பக்கூடாது. பள்ளிவாசல்துறை இருக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அதில் உப்பு இருக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய ஆலோசனைகளில் இந்த உப்புக்கு இடமில்லை. ஆகவே விசிறியைத் தெரிவு செய்வதோடு, நம் ஊர்க் காற்றையும் சேர்த்துப் பார்த்து இந்தக் குறிப்புகள்.

1. கடைக்குப் போகுமுன், சத்தம் எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கிய நேரம் இதற்கு நல்லது. தடித்த காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு விசிறிக்கு எதிரிலும் பிடித்துக் கேளுங்கள். கீச்சென்ற சீரான ஓசை வேகத்தால் வருவது. கரகரப்பு, உராய்வு என்றால் பெயரிங் தேய்ந்துவிட்டது. டகடகவென்றால் ஏதோ வயர் இதழில் தட்டுகிறது; அதற்குப் புது விசிறி வேண்டாம், ஒரு கட்டுப் பட்டி போதும். பெட்டியின் மூடியை உள்ளங்கையால் அழுத்தும்போது இரைச்சல் குறைந்தால் தகடுதான் அதிர்கிறது. ஓடும் விசிறிக்குள் விரலை மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள். மேசைக் கணினியின் விசிறி அடித்தால் வலிக்கும். சேர்வர் விசிறி அடித்தால் வெட்டும்.

2. பிறகு சுத்தம். மின்சாரத்தைக் கழற்றி, பெட்டியை வெளியே கொண்டுபோய், காய்ந்த பெயின்ட் பிரஷால் தூசைத் தட்டி எடுங்கள். காற்றடிக்கும் கருவி வைத்திருந்தால் விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுற்றினால் பெயரிங் கெடும். ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கில் அடைந்திருக்கும் பஞ்சுபோன்ற தூசுதான் பல வீடுகளில் முழு வில்லன். அனல் மின்நிலையம் இருக்கும் நுரைச்சோலைப் பக்கத்து வீடுகளில் நிலக்கரித் தூசு வருகிறதென்று மக்கள் முறையிடுவது பழைய செய்தி. கறுப்புத் தூசு கண்ணில் பட்டால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள். ஈரம் சேர்ந்த தூசு பலகையில் ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்குக் குறுக்குவழி போட்டுக் கொடுக்கும். மத்திய செயலியின் மேல் பூசியிருக்கும் வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தால் அதையும் புதுப்பித்துவிடுங்கள். சூடு நன்றாக இறங்கினால் விசிறி தானாகவே மெதுவாகும்.

3. வைத்திருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். சேர்வரின் முகப்பில் நுழையும் காற்றின் சூட்டை ஓர் உணரி அளந்துகொண்டே இருக்கும். அதையும் பார்த்துத்தான் விசிறியின் வேகம் ஏறி இறங்குகிறது. தரவு நிலையங்களுக்கு உலகம் முழுவதும் பின்பற்றும் பரிந்துரை 18 முதல் 27 பாகை செல்சியஸ். நம் வீடுகளில் பகல் வேளையில் 31, 32 சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். கூரைக்கு அண்டிய பரணிலிருந்து எடுத்து, வடக்குப் பார்த்த அறையின் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்தாலே காதுக்கு வித்தியாசம் தெரியும். குசினிச் சுவர் வேண்டாம். கடலைப் பார்த்த ஜன்னல் வேண்டவே வேண்டாம்.

4. விசிறி எப்போதும் உச்ச வேகத்தில் ஓடினால் அது பழுதென்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு மூன்று காரணங்கள் அடிக்கடி மாட்டும். விசிறிகளில் ஒன்று செத்திருந்தால் மற்றவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். மேல்மூடி சரியாகப் பூட்டாமல் இருந்தாலும், வெற்று டிஸ்க் அறைகளின் மூடிகள் தொலைந்திருந்தாலும் காற்றோட்டம் குலைந்து வேகம் ஏறும். டெல், எச்.பி. போன்றவற்றின் சேர்வர்களில் வேறு கம்பனியின் அட்டையையோ டிஸ்க்கையோ பொருத்தினால், அதன் சூடு தனக்குத் தெரியாதென்று பெட்டி பயந்து எல்லா விசிறிகளையும் விரட்டும். செத்த விசிறியை மாற்றுவது தவிர, இப்படியான இடத்தில் புது விசிறி வாங்கினால், அதுவும் கத்தும்.

5. இனி விசிறி. இங்கே ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள்: சுழலும் வேகம் பாதியானால் காற்று பாதியாகும், அழுத்தம் கால் பங்காகும், அது குடிக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும், சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே "சத்தமில்லாத விசிறி" என்று கடையில் விற்பது, பெரும்பாலும் மெதுவாகச் சுற்றும் விசிறிதான். மெதுவாகச் சுற்றினால் காற்று குறையும். அந்தக் குறைவை எங்கே ஈடுகட்டப் போகிறோம் என்பதுதான் உண்மையான கேள்வி. பெரிய விசிறி போட்டு ஈடுகட்டலாம், கூடுதலாக ஒன்றைப் போட்டு ஈடுகட்டலாம், கணினியின் வேலையைக் குறைத்தும் ஈடுகட்டலாம். எதையும் செய்யாமல் மெதுவான விசிறியை மட்டும் மாட்டினால் இரைச்சலோடு சேர்வரும் அடங்கிவிடும்.

6. விசிறி பெரிதாகப் பெரிதாக நல்லது. பெரிய பனையோலை விசிறியை நாலு தரம் மெல்ல அசைத்தால் கிடைக்கிற காற்றுக்கு, சின்ன அட்டைத் துண்டை எத்தனை தரம் படபடக்க வேண்டும்! சேர்வரிலும் அதே கதை. 40 மில்லிமீற்றர் விசிறி நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடுகிறது, அதில் 7 இதழ் என்றால், ஒரு செக்கனுக்கு 1,400 முறை இதழ் காற்றை வெட்டுகிறது. அதுதான் அந்த ஊசி போன்ற கீச்சு. 120 மில்லிமீற்றர் விசிறி 1,200 சுற்றில் ஓடினால் செக்கனுக்கு 140 முறைதான்; தாழ்ந்த முனகலாகக் கேட்கும், கதவைச் சாத்தினால் காதில் விழாது.

7. இதனால் ஒரு வெளிப்படையான தீர்ப்பு: தட்டையான "1யூ" சேர்வருக்கு விசிறி மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். 1யூ என்றால் உயரம் 44.45 மில்லிமீற்றர். அதற்குள் 40 மில்லிமீற்றர் விசிறிதான் நிற்கும். நொக்டுவா நிறுவனத்தின் 40 மில்லிமீற்றர் அமைதி விசிறி 5,000 சுற்றில் மணிக்கு 9.4 கனமீற்றர் காற்றுத் தரும். சத்தம் 15 டெசிபலுக்குள். அருமையான விசிறிதான். ஆனால் அந்த இடத்தில் முதலில் இருந்த சேர்வர் விசிறி 30 கனமீற்றருக்கு மேல் தள்ளக்கூடியது. அதோடு இந்தப் பெட்டிகளில் செயலியின் ஹீட்சிங்குக்குச் சொந்த விசிறி கிடையாது. முன்வரிசை விசிறிகள் தள்ளும் காற்றை நம்பியே அது உயிர்வாழ்கிறது. 1யூ வைத்திருப்பவர்கள் அதை வேறு அறைக்கு மாற்றி நீண்ட நெட்வேர்க் கேபிள் இழுப்பது மலிவு. 2யூ பெட்டியில் 80 மில்லிமீற்றர் வரை விசிறி நிற்கும், கொஞ்சம் முயலலாம். 4யூ, அல்லது நிமிர்ந்து நிற்கும் டவர் வகையென்றால் 120 வரை போகலாம். அங்கேதான் விசிறி மாற்றுவது முழுப் பலன் தரும்.

8. அளவை அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். விசிறியின் சட்டத்தை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்தால் 80, 92, 120 என்று வரும். திருகாணித் துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தால் 80க்கு 71.5, 92க்கு 82.5, 120க்கு 105 மில்லிமீற்றர். துளைத் தூரத்தைச் சட்டத்தின் அளவென்று நினைத்துக்கொண்டு போய் 70 மில்லிமீற்றர் விசிறி கேட்டு அலைகிறவர்கள் உண்டு. தடிப்பையும் பாருங்கள். வீட்டுக் கணினி விசிறி 25 மில்லிமீற்றர் தடிப்பு. சேர்வருக்குள் இருப்பது பெரும்பாலும் 38. 25 போட்டால் இடைவெளி விழும். அந்த இடைவெளியால் சூடான காற்று பின்வாங்கித் திரும்ப முன்னுக்கே வரும். கறுப்பு ஸ்பொஞ்சுப் பட்டியை வெட்டிச் சுற்றி ஒட்டிவிட்டால் சரி.

9. எவ்வளவு காற்று வேண்டும்? மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சேர்வர் இழுக்கும் வொட்டை 3 ஆல் பெருக்குங்கள். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எத்தனை பாகை வித்தியாசத்தைப் பொறுப்பீர்களோ, அதனால் வகுங்கள். விடை மணிக்கு இத்தனை கனமீற்றர். 150 வொட் இழுக்கும் பெட்டி, 10 பாகை வித்தியாசம் என்றால் 45 கனமீற்றர். குளிர்நாட்டில் 15 பாகை வித்தியாசம் விடலாம், 20 பாகை அறையில் வெளிக்காற்று 35 தான் ஆகும். நமக்கு 32 இலிருந்து தொடங்குவதால் 10க்கு மேல் போகாதீர்கள்.

கடைப் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, முன்னும் பின்னும் தடையில்லாத வெளியில் எடுத்தது. டிஸ்க் வரிசை, வயர்க் கும்பல், ஹீட்சிங்க் எல்லாவற்றையும் தாண்டும்போது அதில் பாதி கிடைத்தால் பெரிது. நொக்டுவாவின் 80 மில்லிமீற்றர் விசிறிக்கு 55 கனமீற்றர் என்று போட்டிருந்தால், மேலே சொன்ன பெட்டிக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டு ஒரே மாதிரி விசிறி ஓடினால் சத்தம் கூடுவது 3 டெசிபல் மட்டும். ஆகவே ஒன்றை விரட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓடவிடுவதே லாபம்.

10. காற்றின் அளவைப் போலவே அழுத்தத்தையும் பாருங்கள். பெட்டியில் "மில்லிமீற்றர் நீர்" என்ற அலகில் அது இருக்கும். நெருக்கமான தகடுகளுக்குள் காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். அகன்ற இதழ்கள் நெருக்கமாக இருக்கும் விசிறி தள்ளும். இதழ்களுக்கு இடையே வானம் தெரிகிற விசிறி, பெட்டியின் பின்பக்கத்தில் வெறுமனே காற்றை வெளியேற்ற மட்டும் நல்லது. ஆர்க்டிக் பி12, நொக்டுவாவின் ஏ12 போன்ற 120 மில்லிமீற்றர் விசிறிகள் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் தருகின்றன. வண்ண விளக்கு எரியும் விசிறிகளில் இந்த இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். பல பெட்டிகளில் அச்சடித்திருக்கவே மாட்டார்கள். விளக்குக்குக் கொடுக்கும் காசு வீண்.

11. டெசிபல் இலக்கத்தை அப்படியே நம்பாதீர்கள். ஆய்வு அறையில், எந்தப் பெட்டியிலும் பொருத்தாமல், பெரும்பாலும் ஒரு மீற்றர் தூரத்தில் வைத்து எடுத்தது அது. தகட்டில் திருகியதும் கணக்கு மாறும். ஒரே கம்பனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த இலக்கம் உதவும். இரண்டு கம்பனிகளை ஒப்பிட உதவாது.

12. பிளக்கைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பணம் போவதும் பலகை கருகுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீட்டுக் கணினி விசிறிகளில் 4 முனைகள் இருக்கும்: நிலம், 12 வோல்ட், வேகத்தைத் திருப்பிச் சொல்லும் வயர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயர். சூப்பர்மைக்ரோ போன்ற பொதுவகைப் பலகைகளில் இதே பிளக் நேராகப் பொருந்தும். டெல், எச்.பி. சேர்வர்களில் பல மாடல்களுக்குச் சொந்த வடிவத்தில் 5 முனை, 6 முனை என்று வரும்.

வயரை வெட்டி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால், நிறத்தைப் பார்த்து ஒட்டவிடாதீர்கள். 3 வயர் விசிறிகளில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்றிருக்கும். அங்கே சிவப்பில்தான் 12 வோல்ட், மஞ்சள் வேகம் சொல்வது. கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரும் 4 வயர் விசிறியிலோ மஞ்சளில்தான் 12 வோல்ட். ஒரே மஞ்சள், இரண்டு வேலை. மாற்றிக் கொடுத்தால் வேகம் சொல்லும் வயர் வழியாக 12 வோல்ட் பலகைக்குள் போய்விடும். மல்டிமீட்டர் வைத்து அளந்து ஒட்டுகிற ஆள் கிடைத்தால் செய்யுங்கள். வீட்டு வயரிங் செய்கிற பாஸ் நல்ல கைகாரராக இருக்கலாம், ஆனால் இது அவருடைய வேலை இல்லை.

13. லேபலில் அம்பியரையும் வாசியுங்கள். வீட்டுக் கணினிப் பலகையின் விசிறி முனை பொதுவாக 1 அம்பியர் வரைதான் தாங்கும். சேர்வரிலிருந்து கழற்றிய 1.5 அம்பியர் விசிறியை அதில் சொருகினால் முனை கருகும். சேர்வருக்குச் சிறிய அம்பியர் விசிறியைப் போடுவதில் இந்த ஆபத்து இல்லை.

14. மெதுவான விசிறியை மாட்டியதும் சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது என்று அலை மாதிரி வந்தால் பயப்படாதீர்கள். பலகையில் உள்ள கண்காணிப்புச் சிப்பை, வேகம் இத்தனைக்குக் கீழே போனால் விசிறி செத்துவிட்டது என்று கொள்ளும்படி கம்பனியில் அமைத்திருப்பார்கள். உங்கள் விசிறியின் சாதாரண வேகமே அதற்குக் கீழே இருப்பதால், சிப் பதறி முழு வேகம் கொடுக்கிறது, வேகம் வந்ததும் சமாதானமாகி விடுகிறது, மறுபடி பதறுகிறது. சூப்பர்மைக்ரோ பலகைகளில் இது அடிக்கடி நடக்கும். ஐபிஎம்ஐ என்ற மேற்பார்வை வசதிக்குள் போய் அந்தக் கீழ் எல்லையை இறக்கி வைத்தால் நின்றுவிடும். சில கம்பனிச் சேர்வர்களில் இந்த எல்லையைத் தொட விடமாட்டார்கள். வாங்கும் முன் உங்கள் மாடலில் மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

15. வேகத்தைக் குறைக்கச் சிறு தடை வயர் விற்கிறார்கள். 3 வயர் விசிறிக்குச் சரி. பலகையே வேகத்தை ஆளும் 4 வயர் விசிறிக்கு வேண்டாம். 12 வோல்ட் விசிறியை 5 வோல்டில் ஓட்டும் பழக்கமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓடும், மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது சில விசிறிகள் எழும்பாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டியதைப் பார்த்த நாட்டில், 900 மெகாவொட் அனல் நிலையத்தைப் பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டும் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

16. பெயரிங் எது என்று கேளுங்கள். மலிவான விசிறிகளில் உள்ளது ஸ்லீவ் பெயரிங். எண்ணெய் வற்றும்வரை அமைதி, சூட்டில் எண்ணெய் சீக்கிரம் வற்றும். படுக்கை வாட்டில் பொருத்தினால் இன்னும் சீக்கிரம். போல் பெயரிங் சூட்டைத் தாங்கி நெடுநாள் ஓடும். தொடக்கத்திலேயே மெல்லிய உரசல் கேட்கும், வயதாக ஆகக் கூடும். திரவப் பெயரிங் என்று எழுதியவை அமைதிக்கும் ஆயுளுக்கும் நடுவே நிற்பவை. படுக்கும் அறைக்கு அருகே என்றால் திரவப் பெயரிங்குக்குக் கூடக் கொடுப்பது தகும். இறால் பண்ணைக் கொட்டில், கடையின் பின்பகுதி போன்ற ஆள் படுக்காத இடங்களுக்கு போல் பெயரிங்கே போதும்.

17. உப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி காயும். பாலாவி உப்பளங்களில் நமக்குச் சோறு போடும் அதே குணம், கணினிக்குள் கெடுதி செய்கிறது. இரவில் உப்புத் தூசு ஈரமாகி மின்சாரம் கடத்தும். செப்பும் ஈயமும் பூத்துப்போகும். விசிறியின் மோட்டாருக்குள் ஒரு சின்னப் பலகை இருக்கிறது. நம் கரையில் இதழும் பெயரிங்கும் தேய்வதற்கு முன்பே அந்தப் பலகை செத்துவிடலாம்.

ஆகவே விசிறியின் விபரத்தில் "ஐபி" என்ற எழுத்துக்குப் பின்னால் என்ன இலக்கம் என்று பாருங்கள். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. ஐபி55க்கு மேல் என்றால் நம் ஊருக்கு உகந்தது. ஜப்பானின் சான் ஏஸ், ஜேர்மனியின் ஈபிஎம்-பாப்ஸ்ட், தாய்வானின் டெல்டா ஆகியவற்றில் இந்த வகை வருகிறது. நொக்டுவாவின் தொழிற்சாலை வரிசையில் ஐபி67 வரை உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் வேகமாக ஓடும் வகை. 4 வயர் மாடலாகப் பார்த்து வாங்கி, பலகை வழியாக வேகத்தை இறக்கி ஓட்டுங்கள். அமைதியும் கிடைக்கும், உப்பும் தாங்கும். சேர்வரை நிறுத்தாமல் ஓடவிடுவதும் ஒரு பாதுகாப்பு; உள்ளே சூடு இருக்கும்வரை ஈரம் படியாது. வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் பெரிய பொலித்தீன் உறைக்குள் சிலிக்கா பொட்டலங்களோடு கட்டி வையுங்கள்.

18. முகப்பில் வடிதுணி கட்டலாமா? சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும் மாதங்களில் கட்டாயம் கட்டலாம். நுளம்பு வலைத் துணி பல்லியையும் பூச்சியையும் தடுக்கும், நுண்தூசைத் தடுக்காது. நெருக்கமான துணி தூசைத் தடுக்கும், காற்றையும் தடுக்கும். நுளம்பு வலையை இரண்டாக மடித்துக் கட்டி, வாரத்துக்கு ஒருமுறை கழற்றி அலசிக் காயவைத்து மாட்டுவது நடைமுறைக்கு ஒத்த நடுவழி.

19. மின்வழங்கிப் பெட்டிக்குள் இருக்கும் விசிறியைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். அதுதான் கத்துகிறதென்றால் முழுப் பெட்டியையும் மாற்றுங்கள்.

20. வாங்கும் இடம். கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாக் கடைகளில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பழைய விசிறியையே கையோடு கொண்டுபோங்கள். அளவு, பிளக், அம்பியர் எல்லாம் அதிலேயே இருக்கிறது. பாவித்த சேர்வர் விசிறியைப் புதிதென்று விற்றால் கண்டுபிடிக்க ஒரு வழி: இதழின் முன் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள், மெல்லிய கறுப்புக் கோடு விரலில் ஒட்டினால் அது வேலை பார்த்த விசிறி. பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். பள்ளிவாசல்துறையிலிருந்து இன்னொரு முறை கொழும்பு போகும் பஸ் காசும் விசிறியின் விலையோடு சேர்ந்ததுதான்.

21. பொருத்தும்போது திசையைப் பாருங்கள். லேபல் ஒட்டிய, கம்பித் தாங்கிகள் தெரியும் பக்கத்தால்தான் காற்று வெளியேறும். சட்டத்தின் ஓரத்தில் சிறிய அம்புக்குறி இருந்தால் அது இன்னும் உறுதி. எல்லா விசிறிகளும் முன்னிருந்து பின்னுக்கே தள்ள வேண்டும். ஒன்று திரும்பி நின்றாலும் காற்று உள்ளேயே வட்டமடிக்கும். இரும்புத் திருகாணிக்குப் பதில் இறப்பர் முளை போட்டால் தகட்டு அதிர்வு அடங்கும்.

22. மாற்றிய பிறகு சோதனையை இரவில் செய்து திருப்திப்படாதீர்கள். ஏப்ரல் மாத நண்பகல் 1 மணிக்குச் செய்யுங்கள். கணினிக்கு ஒரு மணித்தியாலம் கடும் வேலை கொடுத்து, செயலியின் சூடு 80 பாகைக்குக் கீழும் டிஸ்க்குகள் 50க்குக் கீழும் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் விசிறித் தெரிவு சரி. நிற்காவிட்டால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள்; சத்தம் சிறிது கூடினாலும் பரவாயில்லை.

23. மின்சாரப் பட்டியலையும் பாருங்கள். 12 வோல்டில் 1.5 அம்பியர் இழுக்கும் 4 விசிறிகள் முழு வேகத்தில் ஓடினால் 72 வொட். பாதி வேகத்தில் 9 வொட். இரவு பகலாக ஓடும் பெட்டியில் இந்த வித்தியாசம் 30 நாளைக்கு 45 அலகு. சேர்வரின் மற்ற இழுவை வேறு: 100 வொட்டில் நிற்காமல் ஓடுவது மாதம் 72 அலகு. 4 கமராவைப் பதிவு செய்ய மட்டும் என்றால், விசிறியே இல்லாத சிறு கணினி ஒன்று அதைச் செய்யும். அப்படியான வீட்டுக்கு என் ஆலோசனை, சேர்வரை வாங்காதீர்கள் என்பதுதான்.

24. கழற்றிய பழைய விசிறிகளை எறிந்துவிடாதீர்கள். எந்த விசிறி எந்த இடத்தில் இருந்தது என்று எண் எழுதி, உறையில் போட்டு வையுங்கள். புதியது ஒன்று நடு இரவில் செத்தால் அன்றைக்கு அதுதான் கை கொடுக்கும். சேர்வரை விற்கப் போகும் நாளிலும் வாங்குகிறவர் முதலில் கேட்பது, கம்பனி விசிறி இருக்கிறதா என்று.